தேயிலைத் தொழிற்சாலையில் வெப்பச் சீராக்கி

பதுளையிலிருந்து தெமோதரை, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என மேலேறிச் செல்லும் புகைவண்டியில் அமர்ந்து சாளரத்தின் வழியே நோக்குவோர், தேயிலைச் சரிவுகளினிடையே நெடிய கட்டடங்கள் பல உயர்ந்து நிற்பதைக் காண்பர். மூன்று நான்கு மாடிகள். மாடிதோறும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளே அவை. பிறந்த நாள் முதலாக அவற்றைப் பார்த்து வளர்ந்த எம்மவருள்ளும், ஒரு கட்டடத்திற்கு இத்துணைச் சாளரங்கள் எதற்கு என்று வினவியவர் சிலரே. அங்கே நடைபெறும் வேலையிற் பெரும்பகுதி காற்றினால் நடைபெறுவது. குளிர்ந்த காற்று, வெப்பமான காற்று, ஈரக்காற்று, உலர்ந்த காற்று என்னும் இவற்றை வேண்டிய வேளையில் வேண்டிய அளவில் இலையின் மீது செலுத்துவதே தேயிலை செய்யும் தொழிலின் உயிர்நிலை எனலாம்.

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளை எழுதுவதா, எமது தொழிலைப் பற்றி எழுதுவதா எனச் சிறிது தயங்கினோம். நினைவுகளை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே வெப்பச் சீராக்கிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதுமாகக் கழிந்த ஆண்டுகளில் நாம் கற்றதை எழுதத் துணிந்தோம். கற்றவற்றுள் ஒன்றை மிக்க விலை கொடுத்துக் கற்றோம். அதனையும் மறையாது ஈற்றிற் கூறுவோம்.

காற்றும் வெப்பமும் செய்யும் வேலை

செடியிலிருந்து பறித்த கொழுந்தின் நிறையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்ட பங்கு நீராகும். பெட்டியில் அடைக்கப்படும் தேயிலையிலோ நூற்றுக்கு மூன்று பங்கு அளவே நீர் இருத்தல் வேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோகிராம் கொழுந்திலிருந்தே ஒரு கிலோகிராம் தேயிலை கிடைக்கின்றது. இடையிலே போகும் நீரையெல்லாம் வெளியேற்றுவது காற்றின் பணி. அது மூன்று நிலைகளில் நடைபெறுகின்றது.

முதலாவது நிலை வாடவைத்தல். முற்காலத்தில் மேல்மாடிகளிலே சாக்குத் துணித் தட்டுகளைக் கட்டி, அவற்றின் மேற் கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி வாடவைப்பர். மழைநாட்களிற் கீழ்த்தளத்து உலர்த்தியின் வெப்பக்காற்றை விசிறிகள் மேலே இழுத்துத் தரும். பின்னர் வந்த தொட்டி முறையிலே, நீண்ட தொட்டியின் வலைமீது கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பிக் கீழிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்துவர். பன்னிரண்டு முதற் பதினெட்டு மணி நேரம் வரை இது நிகழும். இரண்டாவது நிலை, உருட்டிப் பிசைந்த இலையைக் குளிர்ந்த ஈரக்காற்றிலே நிறம் மாற விடுதல். இங்கே காற்றின் ஈரப்பதன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருத்தல் நன்று. மூன்றாவது நிலை உலர்த்துதல். நகரும் தட்டுகளில் இலை உலர்த்தியினுள்ளே செல்ல, ஏறத்தாழ இருபது நிமிட நேரம் வெப்பக்காற்று அதனூடே பாயும். இலையினுள் நிறத்தையும் சுவையையும் ஆக்கிக்கொண்டிருந்த நொதியங்களின் தொழில் இவ்வெப்பத்தால் நிறுத்தப்படுகின்றது. எஞ்சிய நீரும் வெளியேறுகின்றது.

தட்டு உலர்த்தியில் அறிய வேண்டிய வெப்பநிலைகள் இரண்டு. உட்செல்லும் காற்று 93 முதல் 99 வரையிலான சதமப் பாகையில் இருத்தல் வேண்டும். இலையினூடே சென்று நீரை ஏற்றுக்கொண்டு வெளியேறும் காற்று 52 முதல் 54 பாகை வரை இருத்தல் வேண்டும். வெளியேறும் காற்று 49 பாகைக்குக் கீழே இறங்குமாயின், இலை உலர்வதற்கு மாறாக ஆவியில் வேகின்றது என்பது பொருள். அவ்வாறு வெந்த தேயிலையின் சாயம் மங்கும், மணம் கெடும். மாறாக வெப்பம் மிகுந்தால், இலையின் புறம் விரைந்து காய்ந்து ஓடுபோலாகி உள்ளே ஈரம் தங்கிவிடும். அத்தகைய தேயிலை பெட்டியிற் கிடக்கும்போதே பழுதுறும். அன்றியும், அடுப்பின் குழாய்களில் வெடிப்பிருந்தாற் புகை காற்றோடு கலந்து தேயிலையிற் புகைநாற்றம் ஏறும். இக்குறையை எந்தச் சீராக்கியும் தீர்க்க மாட்டாது. ஆதலாற் கருவியைப் பொருத்த எண்ணுவோர் முதலில் அடுப்பைச் செம்மை செய்தல் முறையாகும்.

இவ்வுலர்த்திகளின் வரலாறும் சுவையானது. அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பார் இந்தியாவிலே தேயிலைத் தோட்டத்திற் பணியாற்றியவர். 1881 ஆம் ஆண்டிலே தம் நகரில் ஒரு தொழிலகத்தை நிறுவி, தேயிலை உலர்த்திகளையும் விசிறிகளையும் செய்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'சிறோக்கோ' என்பது. ஆபிரிக்கப் பாலைநிலத்திலிருந்து வடக்கே வீசும் வெப்பக்காற்றின் பெயர் அது. காற்றின் பெயரையே இயந்திரத்திற்கு இட்டமை இத்தொழிலின் இயல்புக்கு மிகப் பொருத்தமே.

ஊவாவின் காற்று

எமது மாகாணத்துக்கும் அத்தகைய காற்று ஒன்று உண்டு. அதுவே கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதி மேலெழும்போது குளிர்ந்து, தான் சுமந்து வந்த நீரை மழையாகப் பொழிந்துவிடுகின்றது. மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடுதலால் வெப்பமுற்று, ஈரமற்ற காற்றாக வீசுகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் தலவாக்கலையிலே குடைபிடித்து நடக்கும் அதே நாளில், பசறையிலும் நமுனுகுலவிலும் புழுதி பறப்பதன் காரணம் இதுவே. யூலை முதற் செப்டெம்பர் வரையிலான இக்காலத்திலேதான் உலகச் சந்தையிற் பெயர்பெற்ற ஊவாத் தேயிலையின் தனித்த மணம் உண்டாகின்றது. வரட்சியிலே துன்புறும் செடி தன் இலையிலே சேர்க்கும் வாசனைப் பொருட்களும், நன்றாக வாடவைத்துச் செய்யும் முறையும் அம்மணத்திற்குக் காரணமாகும்.

ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரையில் நிலைமை தலைகீழாகும். வடகீழ்ப் பருவமழை பதுளைப் பகுதியை நனைக்கும். காற்றிலே நீர் நிறைந்திருக்கும். வாடவைப்பதற்கு வெப்பம் ஊட்டியே ஆக வேண்டும். ஆகவே, மேற்குச் சரிவின் தொழிற்சாலை ஒன்றிலே பொருந்திய அளவுகளை அப்படியே எடுத்து ஊவாத் தொழிற்சாலையில் இடுதல் பெருந்தவறாகும். ஒரே மாதத்தில் அவர்களுக்கு வெப்பம் வேண்டும். எமக்கோ வெப்பத்தை அடைத்து, விசிறியின் வேகத்தையும் குறைக்க வேண்டும். 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் அமைந்திருப்பினும், ஊவாவுக்கெனப் பசறையிலே தனி நிலையம் வைத்திருப்பது இவ்வேறுபாடு கருதியே எனலாம்.

சீராக்கி என்பது யாது?

வெப்பச் சீராக்கி மூன்று உறுப்புகளால் ஆயது. வெப்பத்தை உணர்ந்து கூறும் உணரி ஒன்று. கூறியதை நாம் விரும்பிய அளவோடு ஒப்பிடும் பெட்டி ஒன்று. பெட்டியின் ஆணைப்படி அடுப்பின் விசிறியையோ காற்றுக்கதவையோ எண்ணெய்ச் சுவாலையையோ இயக்கும் உறுப்பு ஒன்று. கண், மனம், கை என இவற்றை எண்ணிக்கொள்ளலாம்.

இக்கருத்து புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தரான கொர்ணீலியசு திரெபெல் என்பார், முட்டை பொரிக்கும் அடுப்பின் வெப்பம் தானே சீர்ப்படுமாறு ஒரு கருவியை அமைத்தார். இன்றைய சீராக்கிகளின் கணிதத்தை 1922 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் நிக்கோலாசு மினோர்ஸ்கி. அவர் கப்பல்களைத் தாமே நேராகச் செலுத்தும் கருவியை ஆராய்ந்தபோது, அனுபவம் மிக்க மாலுமி சுக்கானை எவ்வாறு பிடிக்கின்றான் என்பதைக் கவனித்தே தம் முறையை வகுத்தார். இதனை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. கருவி தொழிலாளியிடமிருந்து கற்றது.

எங்கள் தோட்டத்து அடுப்படியிலே விறகிடுபவரை எண்ணிப் பாருங்கள். வெப்பம் எவ்வளவு குறைந்திருக்கின்றது என்று பார்த்து அதற்கேற்ற விறகை இடுவார். நெடுநேரமாகச் சிறிது குறைந்தே நிற்குமானால், "இன்னும் ஒரு கட்டை வேண்டும்" என உணர்ந்து மேலும் இடுவார். வெப்பம் விரைந்து ஏறுவதைக் கண்டால், அளவை எட்டுமுன்னரே கையை நிறுத்துவார். இம்மூன்றையுமே சீராக்கியும் செய்கின்றது. இப்போதுள்ள குறைவுக்கேற்பச் செயற்படுதல் விகிதச் செயல். கழிந்த நேரத்துக் குறைவையெல்லாம் கூட்டி வைத்துச் செயற்படுதல் தொகைச் செயல். மாறும் வேகத்தைக் கண்டு முன்கூட்டியே செயற்படுதல் வேகச் செயல். இம்மூன்றும் சேர்ந்தமையையே தொழிலில் உள்ளோர் 'பி.ஐ.டி.' என்பர்.

பொருத்தும் முறை

முதலிற் கவனிக்க வேண்டியது உணரியின் இடம். உலர்த்திக்கெனின், அடுப்பிலிருந்து வரும் வெப்பக்காற்றும் அதனோடு கலக்கும் குளிர்காற்றும் நன்கு ஒன்றாகிய பின்னர், உலர்த்தியினுட் புகுமிடத்திற்கு அண்மையில் அதனைப் பொருத்த வேண்டும். அதன் நுனி காற்றுவழியின் நடுப்பகுதியில் இருத்தல் வேண்டும், சுவரிலே தொடலாகாது. அடுப்பின் கனல்கின்ற இரும்பு உணரிக்கு நேரே தெரியுமாயின், காற்றின் வெப்பத்தோடு அவ்விரும்பின் கதிர்வீச்சையும் சேர்த்துக் கூடுதலாகக் காட்டும். இரண்டாவது உணரி ஒன்றை வெளியேறும் காற்றின் வழியிலே வைத்து, அதன் அளவு தனியே தெரியுமாறு செய்தல் வேண்டும். உட்செல்லும் வெப்பத்தைச் சீராக்கி பிடித்து நிறுத்தும். வெளியேறும் வெப்பமோ, இலையை எவ்வளவு தடிப்பாக, எவ்வளவு ஈரத்தோடு இடுகின்றோம் என்பதைப் பொறுத்தது. அதனைச் செம்மை செய்வது இலை பரப்புபவரின் கை.

வாடவைக்கும் தொட்டிக்கெனின், விசிறியைக் கடந்து காற்று தொட்டியினுட் செல்லுமிடத்திலே இரண்டு உணரிகள் வேண்டும். ஒன்று உலர்குமிழ்; மற்றது ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ். ஈரக்குமிழிலிருந்து நீர் ஆவியாகும்போது அது குளிரும். காற்று உலர்ந்திருக்குந்தோறும் இரண்டிற்குமிடையிலுள்ள வேறுபாடு கூடும். இவ்வேறுபாடே காற்றின் வாடவைக்கும் ஆற்றலுக்கு அளவுகோல். துணி அழுக்கேறினாலோ, நீர்க்கிண்ணம் வற்றினாலோ வேறுபாடு குறைவாகத் தெரியும். கருவியும் வேண்டாத வெப்பத்தை ஊட்டும். இலைத்தூசி பறக்கும் இடமாதலின் துணியை அடிக்கடி மாற்றுதல் இன்றியமையாதது. ஒரு முழம் துணியைச் சிக்கனம் செய்து ஓரிரவின் கொழுந்தைக் கெடுத்தவரை நாம் அறிவோம்.

அடுத்து மின்கம்பிகள். இன்று பெரும்பாலும் வழங்கும் பிளாற்றின உணரியின் மின்தடை, நீர் உறையும் வெப்பநிலையில் நூறு ஓமாக இருந்து, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.385 ஓம் வீதம் ஏறும். ஆகவே கம்பியிலேயே ஓர் ஓம் தடை கூடினாலும் இரண்டரைப் பாகைக்கு மேற் பிழை நேரும். இதனை நீக்கவே மூன்று கம்பிகளால் இணைக்கின்றனர். மூன்றும் ஒரே தடிப்பும் ஒரே நீளமும் உடையனவாதல் வேண்டும். வெப்பவிணை எனப்படும் மற்றொரு வகை உணரிக்கு, அதற்கே உரிய கம்பியையே கடைசி வரை கொண்டு செல்ல வேண்டும். நேர், எதிர் முனைகளை மாற்றலாகாது. உணரியின் கம்பிகளை மோட்டார்களின் கம்பிகளோடு ஒரே குழாயிற் செலுத்துதல் கூடாது.

பெட்டியை அடுப்புச் சுவரிலிருந்தும், உருட்டும் இயந்திரங்களின் அதிர்விலிருந்தும், தேயிலைத் தூசியிலிருந்தும் விலக்கி, டீமேக்கர் நின்று பார்க்கும் உயரத்திலே அமைத்தல் நன்று. நில இணைப்பும் தனி உருகியும் வேண்டும். 230 வோற்று மின்சாரத்தைத் தொடும் வேலையைத் தகுதி பெற்ற மின்வினைஞரே செய்தல் வேண்டும். இவை யாவற்றிலும் முக்கியமானது, சீராக்கி பழுதுற்றாலும் வெப்பம் எல்லை கடவாதபடி அடுப்பின் விசிறியை நிறுத்தும் தனியான காவற் கருவி. அதற்குத் தனி உணரி இருத்தல் வேண்டும். ஒரு கண்ணையே இருவர் பகிர்ந்து கொள்ளின், அக்கண் குருடாயின் இருவரும் குருடராவர்.

அளவுகளை இடும் முறை

பெட்டிக்கு முதலிற் கூற வேண்டியது, எவ்வகை உணரி இணைக்கப்பட்டுள்ளது என்பது. அடுத்தது, சதமப் பாகையா பரனைற்றுப் பாகையா என்பது. இதனை அற்பமென்று எண்ணற்க. பழைய தொழிற்சாலைகளின் சுவர்ப் பலகைகளில் 'இருநூறு பாகை' என எழுதியிருப்பது பரனைற்று அளவு; அது சதம அளவில் 93 பாகையாகும். பலகையைப் பார்த்து இருநூறு என்று சதம அளவிலே இடுவாராயின், தேயிலைக்குப் பதிலாகக் கரி கிடைக்கும், தீயும் பற்றக்கூடும்.

மூன்றாவது, செயலின் திசை. வெப்பமூட்டும் வேலையில் அளவு குறைந்தால் வெளியீடு கூட வேண்டும். குளிர்விக்கும் விசிறிக்கு அளவு கூடினால் வெளியீடு கூட வேண்டும். நான்காவது, உணரியின் கம்பி அறுந்தாற் கருவி யாது செய்ய வேண்டும் என்பது. வெப்பம் மிகுந்துவிட்டதாகக் கொண்டு அடுப்பைத் தணிக்குமாறு இடுவதே பாதுகாப்பான வழி.

பின்னர் விரும்பும் அளவை இடலாம். உலர்த்திக்கு 95 பாகை என்க. தொட்டிக்கு, உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்குமிடையே மூன்று முதல் நான்கு பாகை வேறுபாடு போதுமானது. அதனினும் குறைந்தால் வெப்பக்காற்றின் கதவு திறக்க வேண்டும். கூடினால் மூட வேண்டும். எந்நிலையிலும் உலர்குமிழ் 32 பாகையைக் கடவாமல் மேலெல்லை இடுதல் வேண்டும். உருட்டுவதற்கு முன் சிறிது நேரம் வெப்பமற்ற காற்றைச் செலுத்தி இலையைக் குளிர்வித்தலும் நன்று. கச்சான் வீசும் நாட்களில் வெப்பக் கதவைப் பூட்டிவிட்டு விசிறியின் வேகத்தை மட்டுமே ஆளுதல் அமையும்.

எண்ணெய்ச் சுவாலை உடனே எரியும், உடனே அவியும். 1970 ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறிய பின்னர் மீண்டும் செல்வாக்குப் பெற்ற விறகடுப்போ அவ்வாறன்று. இட்ட கட்டை எரிந்து, இரும்பைச் சூடாக்கி, இரும்பு காற்றைச் சூடாக்கப் பல நிமிடங்கள் செல்லும். ஆகவே விறகடுப்புக்குத் தொகைச் செயலை மிக மெதுவாக இடுதல் வேண்டும். அவசரப்பட்டு இட்டால், வெப்பம் ஏறுவதற்குள் மேலும் மேலும் காற்றூதி, ஏறிய பின் முற்றாக நிறுத்தி, ஊஞ்சல் போல மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். இன்றைய கருவிகள் தாமே இவ்வளவுகளைக் கண்டுகொள்ளும் வசதி உடையன. சீக்கிளர், நிக்கொல்சு என்னும் இருவர் 1942 ஆம் ஆண்டில் வகுத்த வழிமுறை இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படையாயிற்று. எனினும், வெற்று உலர்த்தியிலே இச்சோதனையை நடத்துதல் வீண். இலை நிறைந்து ஓடும் உலர்த்தி வேறு. வெற்று உலர்த்தி வேறு. வழக்கமான அளவில் இலை ஓடும்போதே நடத்த வேண்டும்.

எமது பிழை

இறுதியாகச் செய்ய வேண்டியது, உணரி உண்மை கூறுகின்றதா எனச் சோதித்தல். எமது பிழை நேர்ந்தது இங்கேதான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், அப்புத்தளைக்கு அண்மையில் உயரமான இடத்திலுள்ள ஒரு தொழிற்சாலையிலே புதிய சீராக்கி ஒன்றைப் பொருத்தினோம். உணரியைக் கொதிநீரில் இட்டுப் பார்த்தோம். 95 பாகை காட்டியது. கொதிநீர் நூறு பாகையன்றோ? உணரி ஐந்து பாகை குறைத்துக் கூறுகின்றது எனத் துணிந்து, எப்போதும் ஐந்து பாகை கூட்டிக் காட்டுமாறு பெட்டியிலே திருத்தம் இட்டோம். பெட்டி நூறு என்று காட்டியதும் மனநிறைவோடு தங்குமிடம் சென்றோம்.

மறுநாட் காலையில் அவ்விரவுத் தேயிலை மங்கி மென்மையாயிருந்தது, ஈரம் மிகுந்திருந்தது. வெளியேறும் காற்று இரவு முழுவதும் தாழ்ந்தே நின்றதெனக் குறிப்பேடு கூறிற்று. இலையைத் தடிப்பாகப் பரப்பினாலும் அவ்வாறு நேரும். ஆதலால், இலை பரப்பிய முதியவர் மீது பழி விழுந்தது. எம்மையும் வினவினார்கள். "உட்செல்லும் வெப்பம் தொண்ணூற்றைந்திலேயே நின்றிருக்கின்றது, கருவியிற் குறையில்லை" என்று உறுதியாகக் கூறினோம். முதியவர் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றார்.

அன்று மாலை டீமேக்கர் எம்மை உலர்த்தியின் அருகே அழைத்துச் சென்றார். அதன் பக்கத்திற் பழைய முள் வெப்பமானி ஒன்று பல்லாண்டுகளாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் முள் பரனைற்று 194 இல் நின்றது.

"தம்பி, இது சொல்வது தொண்ணூறு. உங்கள் பெட்டி சொல்வது தொண்ணூற்றைந்து. எனக்கு இரண்டும் வேண்டாம். இந்த மணத்தைப் பாருங்கள். இது வேகிற மணம்" என்றார்.

"பழைய வெப்பமானி பிழைபட்டிருக்கும், ஐயா" என்றோம்.

"இருக்கலாம். பங்களாவிலே பனிக்கட்டி இருக்கிறது. கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார்.

உருகும் பனிக்கட்டியிலே உணரியை இட்டோம். பூச்சியம் காட்ட வேண்டிய பெட்டி ஐந்து காட்டியது. அப்போதுதான் எமக்கு உண்மை விளங்கிற்று. மலையின் மேலே காற்றமுக்கம் குறைவு. அமுக்கம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திற்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகின்றது. ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலே நீர் 98 பாகைக்குச் சிறிது கீழே கொதிக்கும். 1400 மீற்றருக்கு மேற்பட்ட அப்புத்தளையிலே 95 பாகையளவிற் கொதிக்கும். பனிக்கட்டி உருகும் நிலையோ உயரத்தால் மாறுவதில்லை எனலாம். உணரி முதலிலேயே உண்மை கூறியது. நாமே அதனைப் பொய்கூறப் பழக்கினோம்.

இதனை நாம் அறியாதவர் அல்லேம். குடுவையிலே நீரைக் கொதிக்கவைத்து, அடைத்துக் கவிழ்த்து, அதன்மேற் குளிர்நீரை ஊற்றியதும் உள்ளிருக்கும் நீர் மீண்டும் கொதிப்பதை எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே கண்டு வியந்தோம். அமுக்கமும் கொதிநிலையும் பற்றிய வினாவுக்குத் தேர்வில் விடையும் எழுதினோம். ஆனால் மலையுச்சியிலே கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் நின்றபோது அப்பாடம் நினைவுக்கு வரவில்லை. கற்றது விடைத்தாளோடு நின்றுவிட்டது.

அன்றிரவே திருத்தத்தை நீக்கினோம். மறுநாள் அதிகாரியிடம் சென்று பிழை எமதே என்றோம். பின்னர் அம்முதியவரிடம் சென்றோம். அவர் யாதும் கடிந்துரைக்கவில்லை. "கொழுந்து போனது போனதுதான், ஐயா. மழையிலே பிள்ளைகள் பறித்தது" என்று மட்டும் கூறினார். அன்று தொட்டு, எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றாலும் பனிக்கட்டி கிடைக்குமா என்று கேட்பதும், அவ்விடத்தின் உயரத்தைக் கேட்பதும், அங்குள்ள பழைய வெப்பமானியைப் பார்க்குமுன் புதியதை நம்பாதிருப்பதும் எமது வழக்கமாயின. அவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்குமுன் எந்தத் தொழிலாளிக்கும் எதிராகக் கருவியைச் சான்றாகக் கூறுவதில்லை என்பதும் அன்று செய்த உறுதி.

முடிவுரை

எமது பாட்டன்மார் கொழுந்து சுமந்து சென்ற ஸ்டோர்களின் உள்ளே, இயந்திரங்களை இயக்கிய அவர்களிற் பலர் அவற்றின் அருகிலே ரோதைமுனியை வைத்து வழிபட்டனர். இயந்திரம் அவர்களுக்கு அச்சமும் மதிப்பும் தரும் பொருளாயிருந்தது. அதன் உள்ளியல்பைக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970 ஆம் ஆண்டுகளிலேதான். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் பௌதிகவியலும் மின்னியலும் கற்கின்றனர். அச்சீராக்கிகளுக்கு அளவு கூறும் இடத்தில் நாளை அவர்களே நிற்பர்.

அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. சீராக்கி நல்ல பணியாளன், உறங்காது, களைக்காது. ஆனால் நாம் கூறிய அளவையன்றி வேறொன்றையும் அது அறியாது. நாம் பிழையாகக் கூறின், அப்பிழையையே இரவு முழுதும் வழுவாது காத்து நிற்கும். ஆகவே அளவு கூறுபவன் காற்றையும் இலையையும் தான் நிற்கும் மலையின் உயரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை அவனினும் முன்னரே அறிந்த தொழிலாளியின் சொல்லுக்குச் செவிகொடுத்தலும் வேண்டும். கல்லூரியிலே கற்ற பாடம் எவ்விடத்திலே எம்மைத் தேடி வரும் என்று கூறவியலாது. வரும்போது அதனை அறிந்துகொள்ளும் ஆற்றலை எம் இளைய மாணவர்க்கு இக்கல்லூரி மேன்மேலும் நல்குவதாக.